டொராண்டோவுக்கு நாற்பத்தோரு நிமிடம்

தூத்துக்குடியிலிருந்து டொராண்டோவுக்குப் பதினாலாயிரம் கிலோமீட்டர், ராக்கெட் விமானத்தில் நாற்பத்தோரு நிமிடம். அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு நூறு கிலோமீட்டர், காரில் இரண்டரை மணி நேரம், அதுவும் சுங்கச்சாவடியில் யாரும் சண்டை போடாமல் இருந்தால். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து நம் ஜனங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பது என் தாழ்மையான கருத்து. தாழ்மை என்பதை ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன்.

முன்பு வெளிநாட்டில் இருந்தவன் தூரத்தில் இருந்தான். ஒரு நாள் முழுக்கக் காலை மடக்கி உட்கார்ந்து வரவேண்டும் என்பதால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வந்தான். ஊரில் இருப்பவர்களும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. ராக்கெட் விமானம் வந்தது. கூடவே, “நாப்பது நிமிஷம்தானே, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்” என்ற பேச்சும் வந்தது. அன்றோடு எல்லோருடைய சாக்கும் பறிபோயிற்று.

என் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் ராக்கெட் நிலையத்தில் ஒன்பது வருடமாக மருத்துவர். ஏறுகிற ஒவ்வொருவருடைய கண்ணையும் சோதித்து ஓர் எண்ணை எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த உடம்பு இன்னும் எத்தனை தடவை இப்படிப் பறக்கும் என்பதுதான் அந்த எண். ஜனங்கள் அதை ஜம்ப் என்கிறார்கள். இறங்கும்போது ஐந்து நிமிடம் உடம்பு ஆறு மடங்கு கனக்கும். கண்ணுக்குப் பின்னால் முடி போன்ற ரத்தக்குழாய்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிழியும். கிழிந்தது திரும்ப ஒட்டாது. சிலருக்கு எண்பது ஜம்ப், சிலருக்கு இருபது. பிறக்கும்போதே கொடுத்து அனுப்பியது அவ்வளவுதான். சைபர் ஆனபின் பறந்தால் பார்வை போகும், சில சமயம் உயிரும் போகும்.

இது தெரிந்தும் வருகிறார்கள். ஹூஸ்டனிலிருந்து ஒருவர் கோயில் கிடாவெட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, அன்று மாலையே என் கருவியில் தாடையை வைத்து ஏப்பம் விட்டார். சிட்னியிலிருந்து ஒருவர் அண்ணன் மகன் பள்ளி ஆண்டு விழாவில் தக்காளி வேடம் போட்டதைப் பார்க்க வந்தார். தக்காளிக்கு வசனம்கூடக் கிடையாது. கல்யாணத் தரகர்கள் இப்போது ஜாதகத்தோடு கண் அறிக்கையும் கேட்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அறுபது ஜம்ப் பாக்கி என்றால் பெண் வீட்டார் வாயெல்லாம் பல்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவுக்காரர்கள் விசேஷம் எதற்கும் போவதும் இல்லை. அதனால் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை காலை. வழியனுப்ப வந்த கூட்டம் பதினோரு பேர். பறப்பவர் ஒருவர். முறுக்கு டின்னும், மல்லிகைப் பூவும், வாழைத்தார் ஒன்றும். டொராண்டோவில் வாழைத்தாருக்கு அனுமதி இல்லை என்று காவலர் சொல்ல, “அப்ப நீங்க வச்சுக்கிருங்க” என்று அவர் மேசையிலேயே வைத்துவிட்டார்கள்.

பறப்பவர் பெயர் முத்திருளப்பன். ஐம்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. தாய்மாமனாக வந்து, மாலை போட்டுக்கொண்டு, போட்டோவில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார். சோதனை அறைக்குள் அவரோடு இரண்டு பேர் வரலாம். அக்கா பாண்டிமீனாவும், அவர் கணவர் ஜெயவீரனும் வந்தார்கள்.

என் உதவியாளர் இஞ்ஞாசி கருவியைத் துடைத்து முத்திருளப்பனை உட்காரவைத்தார். திரையில் ஒன்று என்று வந்தது.

நான் அவருடைய பழைய ஏட்டைப் புரட்டினேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நாற்பத்தாறு. இருபத்து மூன்று தடவை வந்திருக்கிறார். வந்த காரணங்களை வரிசையாகப் படித்தேன். காதுகுத்து, சரி. சடங்கு, சரி. புதுமனை புகுவிழா, போகட்டும். அதற்கப்புறம் போர்வெல் போட்டது, மாட்டுக்கொட்டகைக்கு சிமெண்ட் தரை போட்டது, டிராக்டர் வாங்கியது, டிராக்டருக்கு டிரெய்லர் வாங்கியது. போன வருடம், நாய் குட்டி போட்டது.

நாய் குட்டி போட்டதற்கு ஒரு தாய்மாமன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதன் கண்ணை இப்படிக் கிள்ளிக் கிள்ளித் தின்றிருக்கிறார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு வந்து போயிருக்கிறார். தின்றவர்கள் மேல் எவ்வளவு வெறுப்போ, கொடுத்தவர் மேலும் அவ்வளவு வெறுப்பு வந்தது எனக்கு.

“ஒண்ணுதான் இருக்கு” என்றேன்.

ஜெயவீரன் முன்னால் வந்தார். “சரிங்க டாக்டரம்மா. ஒண்ணுன்னா ஒரு தடவை போய்ட்டு வந்துரலாம்ல?”

“போகலாம். வர முடியாது. போக ஒண்ணு, வர ஒண்ணு வேணும்.”

“அப்ப ஆவணிக்கு?”

“ஆவணிக்கு என்ன?”

“இளையவளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருக்கோம்ல. பத்திரிகை அச்சுக்குப் போயிருச்சு. தாய்மாமன் பேரு முதல் வரியில போட்டிருக்கு.”

“பேரை எடுத்துடுங்க.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பாண்டிமீனா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். “பழைய பிளேன் ஓடுமேம்மா, ஒரு நாள் ஆகுமே, அதுல வந்தா என்ன?”

“அதுல இப்ப மீனும் மாம்பழமும்தான் போகுது. ஆள் ஏத்துறதை நிறுத்தி ஏழு வருஷமாச்சு. எல்லாருக்கும் நாப்பது நிமிஷம் வேணும்னு கேட்டீங்க, குடுத்தாங்க. இப்ப இவரு போனா அந்தப் பக்கம், இருந்தா இந்தப் பக்கம். நடுவுல வேற வழி கிடையாது.”

“அப்ப ஆவணி வரைக்கும் இருக்கட்டும்” என்றார் ஜெயவீரன், குரலை உயர்த்தி. “ரெண்டு மாசம்தான? கல்யாணத்தை முடிச்சுட்டு அந்த ஒண்ணுல போகட்டும். என்ன மாப்ள? நான் சொல்றது தப்பா? தாய்மாமன் இல்லாம எம்மக மணவறையில ஏறுவாளா? டிக்கெட்டை மாத்துங்கம்மா, ரெண்டு மாசம் கழிச்சு வாறோம்.”

முத்திருளப்பன் தரையைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கோயில் மாட்டின் கழுத்தில் யார் வேண்டுமானாலும் மாலை போடலாம், அது நின்றுகொண்டே இருக்கும். அப்படி நின்றார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பிடிக்கவில்லை.

“டொராண்டோல ஏறும்போதே ரெண்டுன்னு சொல்லியிருப்பாங்களே?”

“சொன்னாங்க டாக்டர்.”

“அக்காகிட்ட சொன்னீங்களா?”

“கல்யாண வேலையில இருந்தாங்க. எதுக்குன்னு விட்டுட்டேன்.”

உறவினர் இருவரையும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். இந்த மாதிரி ஆட்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால்தான் உண்மை வரும் என்பது என் அனுபவம். எனக்கு அனுபவம் அதிகம்.

“அங்க உங்களுக்கு யார் யார் இருக்காங்க?”

“வீட்டுக்காரி, ரெண்டு பசங்க. பசங்க பெரிசாயிட்டாங்க.”

“சரி, அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. இவங்க ஆவணிங்கறாங்க. அப்புறம் வளைகாப்பும்பாங்க. விட மாட்டாங்க. தெரியுதா உங்களுக்கு?”

அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துவிட்டுப் போடாமலே வைத்துக்கொண்டு கேட்டார். “டாக்டர், சைபர்னு எழுதிக் குடுக்க முடியுங்களா?”

“எதுக்கு?”

“நீங்க எழுதிட்டா அதுக்கு மேல பேச்சு இல்லைல. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“அக்கா மனசு நோகும், மச்சான் கோவிச்சுக்குவாரு. அதுக்காகப் பொண்டாட்டி பிள்ளைங்களை விட்டுட்டு இங்கயே உக்காந்துருவீங்களா?”

“அப்படி இல்லைங்க டாக்டர்...”

“வேற எப்படி?”

வாயைத் திறந்தார், மூடினார். நான் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குப் பேச வேண்டியது நிறைய இருந்தது. பன்னிரண்டு வருடமாக ஒரு ‘மாட்டேன்’ சொல்லத் தெரியாத ஆள் நீங்கள் என்றேன். கொட்டகைக்கு சிமெண்ட் போட்டால் கண்ணைக் கொண்டுவந்து கொடுப்பீர்களா என்றேன். நான் டாக்டர், பொய் எழுத மாட்டேன் என்றேன். நன்றாகப் பேசினேன். எனக்கே அது பிடித்திருந்தது.

“நீங்க சொல்றது சரிதான் டாக்டர்” என்றார் அவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

கதவைத் திறந்து வெளியே போய் அந்த இருவரிடமும் சொன்னேன். “இது ஆவணி வரைக்கும் தாங்காது. வயசு, பிரஷர் எல்லாம் இருக்கு. இன்னிக்கு ஒண்ணு. அடுத்த வாரமே சைபர் ஆயிடலாம். போறதுன்னா இன்னிக்கே போகணும். இல்லைன்னா அவர் பிள்ளைங்களை இந்த ஜென்மத்துல பார்க்க முடியாது.”

அது பொய். பறக்காமல் இருந்தால் அந்த எண் இரண்டு மாதத்தில் குறையாது, இரண்டு வருடத்திலும் குறையாது. கருவியின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த இஞ்ஞாசி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஒரு மனிதனைச் சொந்தக்காரர்களிடமிருந்து காப்பாற்றப் பொய் சொன்னால் அது சேவை என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

பாண்டிமீனா சேலை முந்தியில் முடிந்துவைத்திருந்த விபூதியை எடுத்துத் தம்பி நெற்றியில் பூசினார். கண்ணில் விழாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டு ஊதினார். “சோத்தை நேரத்துக்குத் தின்னுடா” என்றார். முத்திருளப்பன் “சரிக்கா” என்றார். கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்க்காமல். பார்க்காததை வீரம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பதினொன்று பத்துக்கு ராக்கெட் விமானம் கிளம்பியது. ஜன்னல்கள் அதிர்ந்தன. கூட்டத்தில் மற்றவர்கள் டீ குடிக்க கேன்டீனுக்குப் போய்விட்டார்கள், ஜெயவீரன் வாசலில் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாண்டிமீனா மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. அடுத்த பயணிகள் மாலையில்தான். அவரை எழுந்து போகச் சொல்லலாம் என்று வெளியே வந்தேன்.

“ஏம்மா” என்றார், என்னை உட்காரச் சொல்வது போல் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து. “ரெண்டு மாசத்துல நெசமாவே சைபர் ஆயிருமா?”

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“இல்ல, அவனுக்கு அங்க யாருமில்ல. அதான் கேட்டேன்.”

“வீட்டுக்காரி, ரெண்டு பசங்க இருக்காங்கன்னாரே?”

“இருக்காக. அவ ஆறு வருசத்துக்கு முன்னாடியே தனியா போய்ட்டா. நல்ல பிள்ளைதான், ரெண்டு பேருக்கும் ஒத்து வரல. பசங்க வருசத்துக்கு ஒருக்கா போன் பேசும். இவன் ஒரு வீட்டுல தரைக்குக் கீழ ஒரு ரூம்ல இருக்கான். ஜன்னல்ல ஆளுக காலுதான் தெரியுமாம். ஒரு தடவை போன்ல காட்டுனான்.”

“அப்புறம் ஏன் நீங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை கூப்பிட்டு அவர் கண்ணைக் கெடுத்தீங்க?” என் குரல் இன்னும் பழைய குரலாகத்தான் இருந்தது.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “நாங்களா கூப்பிட்டோம்? அவன்தான் போன் போட்டுப் போட்டுக் கேப்பான். ‘அக்கா, ஏதாச்சும் விசேஷம் இருக்கா, அக்கா, ஏதாச்சும் விசேஷம் இருக்கா’ன்னு. ஒண்ணுமில்லடா, சும்மா வாடான்னா வர மாட்டான். சும்மா வந்து நின்னா ஊர்ல என்ன கேப்பாக? வேலை போயிருச்சா, பொண்டாட்டி விரட்டிட்டாளான்னு கேப்பாகள்ல. அவனுக்கு அது தாங்காது. விசேஷம்னா வருவான். அதனால நாங்க ஏதாச்சும் ஒண்ணு வைப்போம். கொட்டகைக்குத் தரை போட்டதுக்கு வீட்டுக்காரரு பந்தல் போட்டு எம்பது பேருக்குச் சோறு போட்டாரு. நாய்க்குட்டிக்குப் பேரு வச்சோம். அவன் மடியில வச்சுத்தான் வச்சோம். ஊரே சிரிச்சுச்சு. சிரிக்கட்டுமேன்னு விட்டோம்.”

அவர் நகர்ந்து விட்ட இடத்தில் உட்கார்ந்தேன்.

“இந்தத் தடவை ரெண்டுதான் இருக்குன்னு அவன் சொல்லல. ஆனா எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், அவன் பையில இருந்த ஏட்டைத் திருட்டுத்தனமா பாத்துட்டாரு. அதான் ஆவணிக் கல்யாணம், பத்திரிகைன்னு அப்படிக் கத்துனாரு. இங்கயே இருந்துருன்னு நேரா சொன்னா இருக்க மாட்டான். அக்கா வீட்டுல உக்காந்து தின்னுறவன்னு பேரு வந்துரும்ல. கல்யாணத்துக்கு இருன்னா இருப்பான். ரெண்டு மாசத்துல ஒரு தோட்டத்தைப் பாத்துக் குடுத்துரலாம்னு நெனச்சாரு. நீங்க சைபர்னு சொல்லிட்டீகன்னா இன்னும் நல்லாருக்கும்னு நான் முருகனைக் கும்பிட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். டாக்டரே போகக் கூடாதுன்னுட்டாகன்னா யாரு என்ன பேசப் போறாக?”

சைபர் என்று எழுதச் சொல்லி அவர் தம்பியே என்னிடம் கேட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. சுவரில் இருந்த கடிகாரத்தில் பதினொன்று இருபத்தெட்டு. அந்த நேரத்தில் முத்திருளப்பன் எந்தக் கடலுக்கு மேலே இருந்தாரோ. திருப்பிக் கூப்பிட ஒரு வழியும் கிடையாது.

“கேட்டேனேம்மா. நெசமாவே ஆயிருமா?”

“ஆகாது” என்றேன். “நான் பொய் சொன்னேன்.”

கத்துவார், புடவையைப் பிடித்து இழுப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“எதுக்கும்மா?” என்றார்.

நான் உங்களை எல்லாம் புழுக்களாக நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது? ஒன்பது வருடமாக நான் வெறுத்த அத்தனை பேரிலும் என்னைப் போல் ஒரு மடச்சியை நான் பார்த்ததில்லை என்று மட்டும் அப்போது தோன்றியது.

இஞ்ஞாசி அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர்தான் பேசினார். “ஏத்தா, நீங்க ஒரு தடவகூட அங்க போனதில்லையா?”

“நானா?” பாண்டிமீனா ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டது போல் திரும்பினார். “நான் எதுக்குப் போகணும்? தாய்மாமன்தான வரணும், அதுதான முறை. அக்காகாரி எங்கயாச்சும் போவாளா?”

“முறைய விடுங்க. இங்கன வந்து உக்காருங்க. நாடியை இதுல வைங்க.”

நான் தடுக்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவது போல் உள்ளே வந்து கருவியின் முன் உட்கார்ந்து தாடையை வைத்தார். ஐம்பத்தேழு வயதுக் கண். வெயிலில் களை பறித்த கண். திரையில் முப்பத்தெட்டு என்று வந்தது.

பன்னிரண்டு வருடமாக அந்த மனிதர் தன் கண்ணைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்திருக்கிறார். இந்தப் பக்கம் முப்பத்தெட்டு ஜம்ப், ஒன்றுகூடக் குறையாமல், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அக்கா தம்பியைப் பார்க்கப் போகலாம் என்று அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சிரிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. சிரிப்பு வரவில்லை. இந்த அறைக்கு ஆயிரக்கணக்கான பேர் வழியனுப்ப வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது கருவியில் உட்காரச் சொல்ல எனக்கும் தோன்றியதில்லை. நான் படித்தவள் வேறு.

“எம்புட்டு வந்திருக்கு?” என்றார்.

“முப்பத்தெட்டு. பத்தொன்பது தடவை போய்ட்டு வரலாம்.”

அவர் வாசலில் நின்ற கணவரைப் பார்த்தார். ஜெயவீரன் உள்ளே வந்து திரையைப் பார்த்தார், எதுவும் புரியாமல். பாண்டிமீனா அவரிடம், “நான் தம்பியைப் பாத்துட்டு வாறேன்” என்றார்.

“என்ன விசேஷம்னு போவ?”

“ஒண்ணுமில்ல. சும்மா.”

ஜெயவீரன் என்னவோ சொல்ல வந்தார். பாண்டிமீனா அதைக் காதில் வாங்காமல் என் பக்கம் திரும்பி, பிளேனில் பாய் கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டார். “அவன்கிட்ட ஒத்தக் கட்டில்தான் இருக்கு.”

விடுவார்கள் என்றேன். சுருட்டிக் கட்டிக் கொடுத்தால் நானே ஏற்றி அனுப்புகிறேன் என்றேன்.